கொல்லம் 1075: பூட்டனைத் தேடி நெல்லைக்கு வருபவர்களுக்கு

மலேசியாவின் கிள்ளானிலிருந்து வந்திருந்த என் அத்தை பேத்தி, ஒரு பழைய கிரயப் பத்திரத்தின் நகலைச் சாப்பாட்டு மேசையில் விரித்தாள். முதல் வரியில் ‘௲௭௰௫௵ ஆவணி௴’ என்று இருந்தது. தமிழ் எண்களை வாசிக்கப் பழகிவிட்டுத்தான் விமானம் ஏறியிருக்கிறாள். ஆயிரம், ஏழு பத்து, ஐந்து என்று விரல்விட்டுக் கூட்டினாள். “1075ஆம் ஆண்டிலேயே எங்கள் பூட்டனுக்கு நிலம் இருந்ததா, மாமா?” என்று கேட்டாள். முதலாம் குலோத்துங்கன் காலத்துப் பட்டாதாரர்! எனக்குச் சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டேன். அவள் மீது தவறில்லை.

அது கொல்லம் ஆண்டு. கி.பி. 825இல் தொடங்குவது. நெல்லைச் சீமையில் பழைய பத்திரங்களிலும் கல்வெட்டுகளிலும் இதைச் சாதாரணமாகக் காணலாம். ஆவணி முதல் தேதி புது ஆண்டு பிறக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய உள்ள தேதி என்றால் 824ஐயும், ஜனவரியிலிருந்து ஆடி முடிய என்றால் 825ஐயும் கூட்டிக்கொள்ளுங்கள். அவள் கையிலிருந்த பத்திரம் 1899ஆம் ஆண்டுக்குரியது. ௵ என்பது வருஷம், ௴ மாதம், ௳ தேதி. இந்த மூன்று குறிகளையும் தெரிந்துகொண்டாலே பாதிப் பத்திரம் வாய் திறந்துவிடும்.

அறுபது வருஷப் பெயர்களில் இன்னொரு வழுக்கல் உண்டு. “தாது வருஷம் கப்பலேறினார்” என்று வீட்டில் சொல்வார்கள். தாது 1876இலும் வந்தது, 1936இலும் வந்தது. முன்னது தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் பேசப்படும் கொடுங்காலம். போனவர் எந்தத் தாதுவில் போனார் என்பதை அவருடைய பிள்ளைகளின் வயதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

புறப்படும் முன் வீட்டுப் பெட்டியைக் குடைந்துவிடுங்கள். பழைய கடவுச்சீட்டு, அஞ்சல் முத்திரை தெளிவாக உள்ள கடித உறை, கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயர், தெருப் பெயர், குலதெய்வத்தின் பெயர் மூன்றும் இல்லாமல் வந்தால் இங்கே யாராலும் உதவ முடியாது. ‘புதுக்குளம்’ என்று மட்டும் சொன்னால் எந்தப் புதுக்குளம் என்றுதான் கேட்பார்கள்.

முதலில் பாளையங்கோட்டையில் உள்ள மாவட்ட மைய நூலகத்துக்குப் போங்கள். நேராகத் தாலுகா அலுவலகத்துக்கு ஓட வேண்டாம். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு உறவினருக்காக ஓர் அலுவலகத்தில் மூன்று நாள் காத்துக் கிடந்தேன். அந்த ஊர் அந்தக் காலத்தில் வேறு தாலுகாவில் இருந்தது என்பது நான்காம் நாள்தான் தெரிந்தது. பழைய மாவட்ட விவரச் சுவடியின் (கெசட்டியர்) தாலுகா அத்தியாயத்தைப் பத்து நிமிடம் புரட்டியிருந்தால் போதும்.

எல்லைகள் அவ்வளவு மாறியிருக்கின்றன. சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் 1910 வரை திருநெல்வேலி மாவட்டம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் இங்கே வந்து சேர்ந்தது. அதற்கு முன் அது திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. ஆகவே செங்கோட்டைக்காரர்களின் பழைய அரசு ஆவணத் தடம் திருவனந்தபுரத்துப் பக்கம் திரும்பும். தூத்துக்குடி 1986இலும் தென்காசி 2019இலும் பிரிந்தன. ஆங்கில ஏடுகளில் தேடும்போது திருநெல்வேலி ‘டின்னவெல்லி’யாகவும் பாளையங்கோட்டை ‘பாளம்கோட்டா’வாகவும் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

நூலகத்தில் என்ன கேட்பது? ஸ்டூவர்ட் 1879இல் தொகுத்த மாவட்டக் கையேடு, கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாறு, பேட் தொகுத்த 1917 விவரச் சுவடி ஆகிய மூன்றும் ஆங்கிலத்தில் உள்ளவை. பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகளில் ஊர் வாரியாக மக்கள் எண்ணிக்கை கிடைக்கும். இவற்றில் உங்கள் பூட்டன் பெயரைத் தேடினால் ஏமாற்றம்தான்; அவர் வாழ்ந்த ஊரின் நிலைமைதான் தெரியும். கால்டுவெல், பேட் இருவரின் நூல்களும் இணையத்திலேயே கிடைப்பதால் நீங்கள் இருக்கும் நாட்டிலிருந்தே படித்துவிட்டு வரலாம்.

இணையத்தில் அவ்வளவு எளிதில் கிடைக்காதவை விழா மலர்கள். கும்பாபிஷேக மலர், பள்ளி நூற்றாண்டு மலர், திருச்சபை மலர், சங்க மலர் போன்றவற்றை நான் பெரிதாக மதிக்கிறேன். அட்டை கிழிந்திருக்கும், அச்சுப்பிழை மலிந்திருக்கும். ஆனால் நன்கொடையாளர் பட்டியலில் ‘கொழும்பு’, ‘ரங்கூன்’, ‘பினாங்கு’ என்ற அடைமொழிகளோடு ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். நூலகரிடம் மலர் என்றே கேளுங்கள். அங்கே இல்லையென்றால் உங்கள் ஊர்க் கிளை நூலகரைப் பாருங்கள். யார் வீட்டுப் பரணில் எது கிடக்கிறது என்பதை அறிந்தவர் பெரும்பாலும் அவர்தான்.

உள்ளே உட்கார்ந்து படிக்க உறுப்பினராக வேண்டியதில்லை. அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நாற்காலிகளைப் பிடித்துவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. படமெடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

குலதெய்வம், நாட்டார் கதை, வில்லுப்பாட்டு வழியாகத் தேடுவோர் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையில் முன்னமே எழுதி அனுமதி கேட்கலாம். ஞானஸ்நானப் பதிவேடுகள் நூலகத்தில் கிடைக்காது, அந்தந்தச் சபையில்தான் பார்க்க வேண்டும். சென்னை வழியாகத் திரும்புபவர்கள் எழும்பூரில் ஆவணக் காப்பகத்துக்கும் கன்னிமாரா நூலகத்துக்கும் ஒரு நாளும், பழைய தமிழ் இதழ்களுக்காகத் தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்கு ஒரு நாளும் ஒதுக்குங்கள்.

பயணத்தைப் பங்குனி உத்திரத்தை ஒட்டி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. அன்று நூலகத்தை எதிர்பார்க்காதீர்கள். எங்கெங்கோ பிழைக்கப் போன பங்காளிகள் எல்லாரும் அவரவர் சாஸ்தா கோயிலுக்கு வந்து சேர்ந்திருப்பார்கள். பொங்கல் பானை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் முதலில் உங்கள் அப்பா பெயரைச் சொல்லுங்கள். மற்றதை அவர் கேட்டுக்கொள்வார்.

என் அத்தை பேத்தியின் பத்திரத்தில் சக்குபந்தி, அதாவது நிலத்தின் எல்லை விவரம், ஒழுங்காக இருந்தது: கிழக்கே வாய்க்கால், தெற்கே குளத்தங்கரை, மேற்கே ஒருவரின் நஞ்சை. மேற்கே இருந்தவரின் பெயர் ஒரு பள்ளி மலரின் நன்கொடைப் பட்டியலில் கிடைத்தது, ஊர்ப் பெயரோடு. மறுநாள் பஸ் பிடித்துப் போனோம். வாய்க்கால் தூர்ந்துவிட்டது. குளத்தில் தண்ணீர் கிடந்தது. கரையில் நின்றபடி அவள் அப்பாவைக் கைபேசியில் அழைத்து, “தெற்கே இருப்பது தெரிகிறதா அப்பா?” என்று படத்தைத் திருப்பிக் காட்டினாள்.