தூங்குகிற ஃபெராரியை எழுப்பும் முன்: பாழடைந்த சூப்பர் கார் வாங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் தெரிந்த தம்பி ஒருவர் வீடியோ அனுப்பியிருந்தார். பதினோரு வருடம் பூட்டிக் கிடந்த ஒரு ஷெட். உள்ளே தார்ப்பாய் போர்த்திய சிவப்பு நிற ஃபெராரி 328. தார்ப்பாயை உருவுகிறார், புது பேட்டரியை மாட்டுகிறார், சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்புகிறார். செல்ஃப் இரண்டு சுற்று சுற்றியதுமே வீடியோவை நிறுத்திவிட்டேன். மிச்சத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. இருபது வருடத்துக்கு முன்னால் அதே மாடலில், அதே சீட்டில், அதே இளிப்போடு நானும் உட்கார்ந்திருந்தேன்.

கைவிடப்பட்ட, அடிபட்ட, கன்னாபின்னாவென்று ஓட்டித் தீர்க்கப்பட்ட சூப்பர் கார்களைச் சரிசெய்வதுதான் என் பிழைப்பு. ஆயில் மாற்றுங்கள், காற்று பாருங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அதுகூடத் தெரியாதவர் இந்த வண்டிகள் பக்கம் வராமல் இருப்பது அவருக்கும் நல்லது, வண்டிக்கும் நல்லது. விவரம் தெரிந்தவர்களே திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகள் இவை. பாதிக்கு மேல் நானே காசு கொடுத்துக் கற்றுக்கொண்டவை.

கிலோமீட்டர் கம்மி என்று மயங்குவது

இந்த ரக வண்டிகளின் சொந்தக்காரர்களுக்கு ஒரு பயம் உண்டு. ஓட்டினால் மீட்டர் ஏறும், மீட்டர் ஏறினால் விலை இறங்கும். அதனால் ஓட்டுவதே இல்லை. நின்ற இடத்தில் வண்டி என்ன ஆகிறது என்று மீட்டர் காட்டாது. ஆயில் சீல்கள் காய்ந்து சுருங்குகின்றன. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது, அந்த ஈரம், பிரேக் பேடுகளை அழுத்திப் பிடிக்கிற காலிப்பருக்குள் பிஸ்டனைத் துருப்பிடிக்க வைத்து இறுக்குகிறது. கிளட்ச் தட்டு, என்ஜினோடு சுற்றுகிற பிளைவீலோடு ஒட்டிக்கொள்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியம் டைமிங் பெல்ட், அதாவது பிஸ்டன்களின் ஓட்டத்துக்கு ஏற்ப வால்வுகளைத் திறந்து மூட வைக்கிற பட்டை. ஃபெராரியின் வி8 வண்டிகளில் 308 தொடங்கி 328, 348, எஃப்355, 360 வரை எல்லாமே பெல்ட்டில் ஓடுபவை. 2004-ல் வந்த எஃப்430-இல்தான் செயினுக்கு மாறினார்கள். பெல்ட் ரப்பர். அதற்கு வயது கிலோமீட்டரில் அல்ல, வருடத்தில். 348, எஃப்355, டெஸ்டரோசா மாதிரி வண்டிகளில் பெல்ட் மாற்றுவதற்கு என்ஜினையே கீழே இறக்க வேண்டும். அவ்வளவு வேலை என்றதும் சொந்தக்காரர் "வண்டிதான் ஓடவே இல்லையே, அடுத்த வருடம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவார். அடுத்த வருடமும் அதையேதான் சொல்வார். அவர் தள்ளிப்போட்ட செலவெல்லாம் குறைந்த கிலோமீட்டரோடு சேர்ந்து உங்கள் கைக்கு வரும்.

வருடா வருடம் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடி, செய்த வேலைக்கெல்லாம் பில் வைத்திருக்கிற வண்டியா, பத்து வருடம் போர்வைக்குள் கிடந்த வண்டியா என்றால், நான் யோசிக்காமல் ஓடிய வண்டியைத்தான் எடுப்பேன்.

வாங்கிய அன்றே சாவியைத் திருப்புவது

இதைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. அதில் பாதிக் கோபம் என் மேல்தான்.

என்னுடையது 1987 மாடல் 328. ஒன்பது வருடம் நின்ற வண்டி. "நிறுத்தும்போது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது" என்று விற்றவர் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அது உண்மைதான். நான் பேட்டரியை மாட்டினேன், டேங்கில் கிடந்த பழைய பெட்ரோலோடு கொஞ்சம் புதியதை ஊற்றினேன், செல்ஃப் அடித்தேன். இருமியது, தும்மியது, நீலப் புகை கக்கியது. பிறகு பிடித்துக்கொண்டது. எட்டில் ஐந்தாறு சிலிண்டர்தான் வேலை செய்திருக்கும், ஆனால் எனக்கு அது கச்சேரி மாதிரிக் கேட்டது. முக்கால் நிமிடம் ஓடியிருக்கும். 'டப்' என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து, தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு கடகடப்பு. அப்புறம் நிசப்தம்.

328-இல் என்ஜின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கும். இரண்டு வரிசையில் நான்கு நான்கு சிலிண்டர், வரிசைக்கு ஒரு பெல்ட், 32 வால்வு. முன்வரிசை பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் பேரிங்கில் கிரீஸ் காய்ந்து, துரு ஏறி, உருளை சுற்றாமல் நின்றுவிட்டது. அதன் மேல் உரசிய பெல்ட் சூடேறி, பற்களைத் துப்பிவிட்டது. வால்வுகளைத் திறக்கிற தண்டான கேம் நின்றுவிட்டது, பிஸ்டன்களோடு சுற்றுகிற தண்டான கிராங்க் நிற்கவில்லை. பிஸ்டன்கள் மேலே வந்து, திறந்த நிலையில் நின்றுபோன வால்வுகளை முட்டின. ஹெட்டைக் கழற்றியபோது அந்த வரிசையின் 16 வால்வில் 11 வளைந்திருந்தன. பிஸ்டன் தலைகளில் வால்வின் விளிம்பு பதிந்த தழும்பு, பிறை நிலா வடிவத்தில். அந்தப் பிஸ்டன்களில் ஒன்று இன்றைக்கும் என் மேஜை மேல் இருக்கிறது. மலிவாகக் கிடைத்தது என்று குதித்த வண்டிக்கு, கொடுத்த தொகையில் பாதியை மறுபடியும் கொட்டினேன்.

நிற்கிற என்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பாருங்கள். பெல்ட் வருடக்கணக்கில் புல்லியைச் சுற்றி ஒரே வளைவில் நின்று, அந்த வளைவிலேயே இறுகிவிடுகிறது. முதல் சுற்றிலேயே இறுகிய இடத்தை நிமிர்த்தி இழுக்கிறோம். சிலிண்டர் சுவரில் இருந்த ஆயில் எப்போதோ வடிந்துவிட்டது, பிஸ்டன் ரிங்குகள் துருவின் மேல் உரசுகின்றன. பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகி, வால்வைக் கைடோடு, அதாவது அது நுழைந்து நகர்கிற குழாயோடு, ஒட்டவைக்கிறது. 328-இல் இருக்கிற கே-ஜெட்ரானிக் இன்ஜெக்‌ஷனில், எரிபொருளைப் பங்கிடும் பகுதிக்குள் மிகத் துல்லியமான ஒரு பிளஞ்சர் மேலும் கீழும் போய்வரும். அந்தப் பிசின் துளி பட்டாலே போதும், அது சிக்கிக்கொள்ளும்.

சரி, எப்படித்தான் எழுப்புவது? முதலில் டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். கெட்டுப்போன பெட்ரோலில் பெட்ரோல் வாசனை வராது, வார்னிஷ் வாசனைதான் வரும். எல்லாவற்றையும் வடித்துவிடுங்கள். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஆயில் விட்டு, ஓர் இரவு முழுக்க விடுங்கள். மறுநாள் பிளக் துளை வழியாகச் சின்னக் கேமராவை விட்டுச் சுவரைப் பாருங்கள். பிறகு கிராங்க் நட்டில் ஸ்பேனரைப் போட்டு, என்ஜின் வழக்கமாகச் சுற்றும் திசையிலேயே கையால் சுற்றுங்கள். பிளக் இல்லாததால் கம்ப்ரஷன் தடுக்காது, கனமாக ஆனால் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். எங்காவது கல்லில் முட்டின மாதிரி நின்றால், நீங்களும் நின்றுவிடுங்கள். ஸ்பேனரில் பைப்பைச் செருகிப் பலம் காட்ட வேண்டிய இடம் அது இல்லை. கிராங்க் இரண்டு முழுச் சுற்று வந்தால்தான் கேம் ஒரு சுற்று வரும், அந்த இரண்டு சுற்றையும் முடித்துப் பாருங்கள்.

அதன் பிறகு புது பெல்ட், புது டென்ஷனர் பேரிங், புது ஆயில், புது ஃபில்டர், புது பெட்ரோல் ஓஸ்கள். பிளக் போடாமல், பெட்ரோலும் கரன்ட்டும் போகாதபடி துண்டித்துவிட்டு, ஆயில் பிரஷர் முள் எழும்வரை விட்டுவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். முள் எழுந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்கிற பேச்சே. அப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். சூடான எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் யோசிக்க நேரம் இருக்காது.

இதைச் சொன்னால் உடனே வருகிற கேள்வி: "என்ஜின் நல்லா இருக்கான்னு தெரியாம பெல்ட்டுக்கு எதுக்கு செலவு பண்ணணும்?" என்ஜினை ஓட்டாமலே அதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டரிலும் வால்வுகள் மூடிய நிலையில் காற்றழுத்தம் கொடுத்து, எவ்வளவு கசிகிறது, எங்கே கசிகிறது என்று அளக்கலாம். காற்று எக்ஸாஸ்ட்டில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங். செல்ஃப் அடித்துத் தெரிந்துகொள்கிற விஷயம் அது இல்லை.

இன்னொன்று. "உங்க கண் முன்னாடியே ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறேன்" என்று விற்பவர் ஆசையாகக் கிளம்புவார். வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர் புருவத்தை உயர்த்துவார், பரவாயில்லை.

1974-ல் ஒரு ஃபெராரி டினோ 246-ஐ லாஸ் ஏஞ்சலஸில் ஒரு வீட்டின் பின்புறத்தில் குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள், இன்சூரன்ஸ் பணத்துக்காக நடந்த மோசடி என்று சொல்வார்கள். 1978-ல் தோண்டி எடுத்தார்கள். பிற்பாடு அதைச் சரிசெய்து ஓடவும் வைத்துவிட்டார்கள். மண்ணுக்குள் இருந்த நான்கு வருடமும் யாராலும் சாவியைத் திருப்ப முடியவில்லை. அந்த வண்டி செய்த புண்ணியம் அது.

தூசிக்கு விலை கொடுப்பது

2015 பிப்ரவரியில் பாரிஸில் பையோன் சேகரிப்பு ஏலத்துக்கு வந்தது. பிரான்சில் ஒரு பண்ணையின் கொட்டகைகளில் பல பத்தாண்டு கிடந்த வண்டிகள். பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடைத்த ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர் மட்டும் ஒரு கோடியே 60 லட்சம் யூரோவுக்கு மேல் போனது. அன்றிலிருந்து தூசி படிந்த வண்டியை விற்கிற எல்லாருக்கும் தலை கனத்துவிட்டது. அந்த ஸ்பைடர் விலைபோனது அது அபூர்வமான வண்டி என்பதால். ஆயிரக்கணக்கில் தயாரான ஒரு மாடலின் மேல் இருக்கிற தூசி வெறும் தூசிதான். கழுவிவிட்டுப் பேரம் பேசுங்கள்.

பட்டன் இருக்கிறது என்று டயரை நம்புவது

பட்டன் என்பது டயரின் வெளிப்பரப்பு வரிகள். டயரின் வயதைச் சொல்வது பக்கவாட்டில் இருக்கிற நான்கு இலக்க எண். 2314 என்றால் 2014-ன் 23-வது வாரம் தயாரானது. 2013-ல் கலிஃபோர்னியாவில் போர்ஷ கரேரா ஜிடி ஒன்று மோதி இருவர் இறந்தார்கள். வேகம்தான் காரணம் என்றது விசாரணை. கூடவே, டயர்களுக்கு ஒன்பது வயது ஆகியிருந்ததையும் குறித்து வைத்தது. அவ்வளவு பழைய டயரில் பட்டன் எவ்வளவு மிச்சம் இருந்தால் என்ன?

"ரெவ் லிமிட்டர் இருக்கே" என்று ஆறுதல் கொள்வது

என்ஜின் வரம்பு மீறிச் சுற்றாதபடி பெட்ரோலை நிறுத்துகிற ரெவ் லிமிட்டர் காப்பாற்றுவது ஆக்ஸிலேட்டரை மிதிப்பவரிடமிருந்து மட்டும்தான். ஐந்தாவது கியரிலிருந்து நான்குக்குப் போக நினைத்து, தவறி இரண்டில் தள்ளினால், சக்கரமே என்ஜினைப் பிடித்துச் சுற்றும். பெட்ரோலை நிறுத்தி என்ன பயன்?

மேனுவல் கியர் போர்ஷ வாங்குகிறீர்கள் என்றால், கம்ப்யூட்டரை மாட்டி ஓவர்-ரெவ் பதிவை, அதாவது என்ஜின் வரம்பு மீறிச் சுற்றிய கணக்கை, எடுக்கச் சொல்லுங்கள். 997 தலைமுறை 911-இல் அது என்ஜின் சுற்றிய வேகத்துக்கேற்ப ஆறு படியாகப் பதிவாகிறது, எத்தனை மணி நேர ஓட்டத்தில் நடந்தது என்பதோடு. கீழ்ப்படிகளில் எண்ணிக்கை இருப்பது சகஜம், வண்டியை ரசித்து ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மேல்படிகளில் இருந்தால், அதுவும் சமீபத்திய மணிக்கணக்கில் இருந்தால், மரியாதையாக விடைபெற்றுக்கொள்ளுங்கள். "வார இறுதியில மட்டும்தான் எடுப்பேன், மெதுவாத்தான் போவேன்" என்று சொன்ன ஒரு மனிதரின் வண்டியில் ஆறாவது படி வரைக்கும் எண் இருந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத்தான் கூச்சமாகப் போய்விட்டது.

ஒற்றைக் கிளட்ச் வண்டியை ஆட்டோமேட்டிக் என்று நினைப்பது

360, எஃப்430-இன் எஃப்1 கியர்பாக்ஸ், லம்போர்கினி கல்லார்டோவின் இ-கியர் எல்லாம் உள்ளுக்குள் மேனுவல்தான், கிளட்சைக் கால் மிதிப்பதற்குப் பதில் பம்ப் மிதிக்கிறது. மேட்டில் ரிவர்ஸ் எடுப்பதும் நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்த்துவதும் கிளட்சைத் தின்றுவிடும். எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது என்று கம்ப்யூட்டரில் படித்துவிடலாம். கேளுங்கள், காட்டுவார்கள். காட்ட மறுத்தால் பதில் கிடைத்துவிட்டது.

கார்பன் தொட்டிக்குப் பட்டி போடுவது

2011-ல் வந்த மெக்லாரன் எம்பி4-12சி-யின் நடுக்கூடு ஒரே கார்பன் ஃபைபர் தொட்டி, எடை 75 கிலோதான். முன்னும் பின்னும் அலுமினியச் சட்டங்கள் தனியாகப் போல்ட்டில் நிற்கும். மோதியதில் அலுமினியம் மட்டும் நசுங்கியிருந்தால் மாற்றிவிடலாம். தொட்டியில் விரிசல் என்றால் அது டிங்கரிங் வேலை இல்லை. பட்டி போட்டுப் பெயின்ட் அடித்த தொட்டியை வெறும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, உள்ளடுக்குகள் பிரிந்திருக்கிறதா என்று அதற்கான கருவியால்தான் சோதிக்க முடியும். சோதிக்காமல் வாங்கினால், அடுத்த மோதலில் சோதனையே நீங்கள்தான்.

பில் இல்லாத சர்வீஸ்

நடக்காத சர்வீஸ்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

வேண்டாம்.

ஒட்டுகிற பட்டன்கள்

எஃப்355, 360 காலத்து ஃபெராரிகளின் டேஷ்போர்டு பட்டன்கள் மேல் பூசிய பூச்சு, வயதானால் வெல்லப்பாகு மாதிரி கையில் ஒட்டும். தின்னர் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்தும் சேர்ந்து போய்விடும். நான் போட்டுத் தேய்த்தவன். எது ஹெட்லைட், எது ஜன்னல் என்று தெரியாத ஒரு வண்டியை ஒரு வருடம் ஓட்டினேன்.

எலிகளைக் கணக்கில் எடுக்காதது

நிற்கிற வண்டியில் முதலில் குடியேறுவது எலிதான். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் கூடு கட்டும், ஒயர் உறையைத் தின்னும். ஸ்டார்ட் செய்யும் முன் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்க்காவிட்டால், பஞ்சும் துணியும் நேராக என்ஜினுக்குள் இழுபடும்.

அந்தத் தம்பி இரண்டு நாள் கழித்துப் போன் செய்தார். குரல் செத்துப்போயிருந்தது. "அண்ணா, எவ்வளவு நேரம் செல்ஃப் அடிச்சாலும் பிடிக்கவே மாட்டேங்குது. பெட்ரோலே வரல." போய்ப் பார்த்தேன். பெட்ரோல் பம்புக்குப் போகிற ஒயரை எலி சுத்தமாகக் கடித்துத் துண்டாக்கியிருந்தது. தம்பி எலியை வாயில் வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார். நான் வலது பின்சக்கரத்தைக் கழற்றி, உள்மூடியை எடுத்து, டார்ச் அடித்துக் காட்டினேன். பெல்ட்டின் ஒவ்வொரு பல்லின் அடியிலும் மயிரிழை மாதிரி வெடிப்பு. அதற்கப்புறம் அவர் எலியைப் பற்றி எதுவும் பேசவில்லை.

சாயங்காலம் பிளக்குகளைக் கழற்றி எட்டுச் சிலிண்டரிலும் ஆயில் விட்டிருக்கிறோம். நாளைக் காலையில் ஸ்பேனரோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வண்டிச் சாவி இப்போதைக்கு என் பையில் இருக்கிறது.