சுவினாமுலை ஒட்டப் பிழியாமல் உறையவையுங்கள்

கொரிய மலைகளில் வசந்த காலத்தில் பறிக்கும் சுவினாமுல் கீரையை வேகவைத்து ஃப்ரீசரில் வைக்கும்போது, ஒட்டப் பிழியாதீர்கள். 200 கிராம் கீரைக்கு அரை கப் தண்ணீர் சேர்த்து, பையில் தட்டையாகப் பரப்பி, காற்றை வெளியேற்றி மூடுங்கள். ஃப்ரீசரின் வறண்ட காற்று கீரையின் ஈரத்தை உறிஞ்சுவதால்தான் தண்டு நாராகிறது. சுற்றியுள்ள பனிக்கட்டி அதைத் தடுக்கும்.

அதற்கு முன், கொதிக்கும் உப்புத் தண்ணீரில் முதலில் தண்டுப் பகுதியை மட்டும் அரை நிமிடம் அமிழ்த்தி, பிறகு இலையையும் இறக்குங்கள். தண்டைக் கிள்ளினால் நகம் இறங்க வேண்டும். உடனே குளிர்ந்த நீரில் அலசிவிடுங்கள், இல்லையென்றால் பச்சை நிறம் மங்கிவிடும்.

சமைக்கும் அன்று பனி விட்டதும் நன்றாகப் பிழிந்து, சூப்புக்கான சோயா சாஸ் 2 டீஸ்பூன், நசுக்கிய பூண்டு அரை டீஸ்பூன், பெரில்லா என்ற செடியின் விதை எண்ணெய் 1 டேபிள்ஸ்பூன் சேர்த்துக் கையால் பிசைந்து, மிதமான தீயில் 2 நிமிடம் வதக்கினால் போதும். இங்கே தண்ணீர் தங்கினால் உப்பு ஏறாது.

பச்சையாகச் சாப்பிடும் தல்லே என்ற காட்டு வெங்காயத் தாளுக்கு இது சரிவராது, குழைந்துவிடும். கொசாரி என்ற பெரணித் தளிரை வேகவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து நச்சை நீக்கியே ஆக வேண்டும், வெறுமனே உறையவைத்தால் போதாது. கொம்சுவி என்ற அகன்ற இலைக் கீரையைப் போலவே தெரியும் நச்சுச்செடியும் மலையில் உண்டு. சந்தேகமிருந்தால் பறிக்கவே வேண்டாம்.