கம்பியில் சுடும் கோழி: வெளியே கருகி உள்ளே வேகாமல் போவது ஏன்?

வெயில் காலத்தில் இரவுச் சமையலை மொட்டை மாடிக்கு மாற்றிவிட்டால் அடுப்படியில் அனல் ஏறாது. கம்பியில் கோத்துச் சுட்ட கோழி, கொஞ்சம் காய்கறி, நாலு சப்பாத்தி, புதினாச் சட்னி என்று சாப்பாடு எளிதாக முடிந்துவிடும். ஆனால் பல வீடுகளில் தட்டுக்கு வருவது வேறு. கோழி வெளியே கருகி உள்ளே சிவந்திருக்கும், குடைமிளகாய் துவண்டு கிடக்கும், வெங்காயம் பச்சை வாடையோடு கடிபடும். இதற்கு மசாலாவைக் குறை சொல்லிப் பயனில்லை. வேகும் நேரம் வேறு வேறான பொருள்களை ஒரே கம்பியில் கோத்ததும், தணல் சரியாகும் முன்பே அடுப்பில் வைத்ததும்தான் பெரும்பாலான கோளாறுக்குக் காரணம்.

எல்லாவற்றையும் ஒரே கம்பியில் கோப்பது

ஒரு துண்டு கோழி, ஒரு துண்டு குடைமிளகாய், ஒரு தக்காளி என்று மாற்றி மாற்றிக் கோத்தால் படத்தில் அழகாக இருக்கும், அடுப்பில் சரிப்படாது. 3 செ.மீ. அளவுள்ள தொடைக்கறித் துண்டு நல்ல தணலில் வேக 10 முதல் 12 நிமிடம் ஆகும். குடைமிளகாய்க்கு 6 முதல் 8 நிமிடம் போதும், சின்னச் செர்ரித் தக்காளிக்கு 3 நிமிடம். கோழி வேகும் வரை காத்திருந்தால் தக்காளி கூழாகித் தணலில் விழும். தக்காளியைப் பார்த்து எடுத்தால் கோழி வேகாமல் நிற்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. கோழியை ஒட்டியிருக்கும் காய் தண்ணீர் விடும், அந்தப் பக்கம் கோழி சுடுபடாமல் வெந்த கறி போல வெளுத்துவிடும்.

ஆகவே கோழிக்குத் தனிக் கம்பி, ஒவ்வொரு காய்க்கும் தனிக் கம்பி. சுட்ட பிறகு ஒரே தட்டில் கலந்து பரிமாறினால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. வீட்டில் சைவம் சாப்பிடுகிறவர்கள் இருந்தால் இதுதான் ஒரே வழி. காய்கறியை முதலில் சுட்டு எடுத்துவிட்டுக் கோழியை ஏற்றுங்கள், பச்சைக் கோழியின் நீர் காயில் படாது. தூரிகையும் இடுக்கியும் இரண்டுக்கும் தனித்தனியாக இருக்கட்டும்.

கோழியும் வெங்காயமும் சேர்ந்த மணம் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் வெங்காயத்தை நான்காகப் பிளந்து, இரண்டு இரண்டு இதழாகப் பிரித்து, கோழித் துண்டுகளுக்கு நடுவில் கோக்கலாம். வெங்காயம் மட்டும்தான் கோழியின் நேரத்துக்கு ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

கோழியைத் தேர்ந்தெடுப்பதில் வரும் தவறு

கடையில் போன்லெஸ் என்று கேட்டால் பெரும்பாலும் நெஞ்சுக்கறியைத்தான் தருவார்கள். அதில் கொழுப்பு மிகக் குறைவு, இரண்டு நிமிடம் கூடிப்போனாலே நார் நாராக வறண்டுவிடும். கரியடுப்பில் பழகாதவர்கள் எலும்பு நீக்கிய தொடைக்கறியைக் கேட்டு வாங்குவது நல்லது. அதில் உள்ள கொழுப்பும் இணைப்புத் திசுவும் கூடுதல் சூட்டையும் தாங்கும், கறி சாறோடு இருக்கும்.

நாட்டுக்கோழி இந்தச் சமையலுக்கு ஆகாது. அதன் தசை உறுதியானது, குழம்பில் நெடுநேரம் கொதித்தால்தான் மெத்தென்று ஆகும். பத்து நிமிடத் தணலில் அது ரப்பராகத்தான் வரும். ஆறு வாரத்தில் கடைக்கு வரும் பிராய்லருக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. அதே காரணத்தால் பிராய்லர் கறியை மெத்தென்று ஆக்க எதையும் சேர்க்கவும் வேண்டாம். பப்பாளிக்காய் விழுதை ஆட்டுக்கறிக்குப் போடுவது போலக் கோழிக்கும் போட்டு இரவெல்லாம் வைத்தால், அதிலுள்ள நொதி புரதத்தை உடைத்துக் கறியின் மேல்பகுதியை மாவாக்கிவிடும். கம்பியில் கோக்கும்போதே துண்டு கிழியும். பச்சை அன்னாசிச் சாறும் இதே வேலையைச் செய்யும்.

துண்டுகள் ஒரே அளவாக, 3 முதல் 4 செ.மீ. கனமாக இருக்கட்டும். தட்டையான ஓரத் துண்டுகளை மடித்துக் கோத்தால் மற்றவற்றோடு சேர்ந்தே வேகும்.

ஊறவைப்பதில் தண்ணீரும் புளிப்பும்

அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. கழுவிய கோழியை ஈரத்தோடு அப்படியே தயிரில் போட்டு, மேலே எலுமிச்சைச் சாறும் பிழிந்து, காலையிலிருந்து இரவு வரை வைத்துவிடுவார்கள். அடுப்பில் ஏற்றியதும் அந்த நீரெல்லாம் ஆவியாகும். ஆவி போய் முடியும் வரை கறியின் மேற்பரப்பு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது, தாண்டாமல் பழுப்பு நிறமும் சுட்ட மணமும் வராது. நீர் வற்றுவதற்குள் உள்ளே கறி வெந்து வறண்டிருக்கும்.

கோழியை வேகமான குழாய்த் தண்ணீரில் கழுவினால் கிருமி தொட்டியிலும் பக்கத்துப் பாத்திரங்களிலும் தெறிக்கும். கடையில் சுத்தம் செய்து தந்த கறியைக் கழுவாமலே சமைக்கலாம், நன்றாக வேகும் சூடே கிருமியைக் கொல்லும். கழுவாமல் மனம் ஒப்பாது என்றால் பாத்திரத்தில் மெதுவாக அலசி, தொட்டியை சோப்பு போட்டுத் தேய்த்துவிடுங்கள். எப்படியானாலும் சமையலறைத் தாளால் ஒவ்வொரு துண்டையும் ஒற்றி ஈரத்தை எடுத்த பிறகே மசாலா தடவ வேண்டும்.

நான்கு பேருக்கான அளவு: எலும்பில்லாத தொடைக்கறி 750 கிராம். தயிர் 300 கிராமைத் துணியில் கட்டி ஃபிரிட்ஜுக்குள் 2 மணி நேரம் வடியவிட்டால் ஏறக்குறைய பாதியளவு கெட்டித் தயிர் கிடைக்கும், அது முழுவதும் இதற்குத் தேவை. இஞ்சி பூண்டு விழுது ஒன்றரை டேபிள்ஸ்பூன், காஷ்மீரி மிளகாய்த்தூள் 1 டேபிள்ஸ்பூன், மல்லித்தூள் 2 டீஸ்பூன், மிளகுத்தூள் 1 டீஸ்பூன், கரம் மசாலா 1 டீஸ்பூன், மஞ்சள்தூள் அரை டீஸ்பூன், நல்லெண்ணெய் 2 டேபிள்ஸ்பூன், தூள் உப்பு தலைதட்டி 2 டீஸ்பூன். உப்பு கறியின் எடையில் ஒன்றரை சதவீதம், அதாவது 11 கிராம் அளவில் நின்றால் சரியாக இருக்கும். வாசனை வரும் வரை வறுத்த கடலை மாவு 1 டேபிள்ஸ்பூன் சேர்த்தால் மசாலா வழியாமல் கறியோடு ஒட்டிக்கொள்ளும். நிறத்துக்குக் காஷ்மீரி மிளகாயே போதும், கலர் பொடி தேவையே இல்லை.

தயிரின் புளிப்பு மென்மையானது, 4 மணி நேரம் முதல் ஓர் இரவு வரை தாங்கும். எலுமிச்சை அப்படியில்லை. 2 மணி நேரத்துக்கு மேல் அதில் கிடந்தால் கறியின் மேற்பரப்பு வெளுத்துச் சுண்ணாம்பு போலக் கரகரப்பாகும். எலுமிச்சையைச் சுட்டு எடுத்த பிறகு பிழியுங்கள், மணமும் அப்போதுதான் நிற்கும்.

தேன், சர்க்கரை, தக்காளி சாஸ் இவற்றை ஊறவைக்கும் மசாலாவில் கலப்பதும் கருகலுக்கு நேர்வழி. இனிப்பு வேண்டுமென்றால் கடைசி 2 நிமிடத்தில் தடவித் திருப்பினால் போதும்.

வெயிலை மறப்பது

ஊறும் நேரம் முழுக்கக் கோழி ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும். 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சாதாரண நாளில் பச்சைக் கறியை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது, வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். அக்னி நட்சத்திரத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கும் மாடித் தரை அனலாகத்தான் இருக்கும். கறியை அறைச் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற அறிவுரையை இங்கே கேட்க வேண்டாம். தணல் தயாரான பிறகு கோழியை எடுத்துக் கோத்து நேராக அடுப்புக்குக் கொண்டுபோங்கள்.

கம்பியும் குச்சியும்

மூங்கில் குச்சியை அரை மணி நேரமாவது தண்ணீரில் முழுக்க அமிழ்த்தி வையுங்கள். ஊறிய குச்சியும் வெளியே நீட்டியிருக்கும் நுனியில் எரியும், அந்த நுனி தணலுக்கு வெளியே இருக்கும்படி அடுக்க வேண்டும். உருண்டைக் கம்பியில் கோத்தால் கம்பிதான் சுற்றும், கறி சுற்றாது. ஒரே பக்கம் மறுபடி மறுபடி சுடுபடும். பட்டையான எவர்சில்வர் கம்பி வாங்குங்கள், அல்லது இரண்டு மூங்கில் குச்சிகளை விரலகல இடைவெளியில் இணையாகச் செருகுங்கள். ஹார்டுவேர் கடையில் விற்கும் ஜி.ஐ. கம்பி வேண்டாம். அதன் துத்தநாகப் பூச்சு சூட்டிலும் புளிப்பிலும் உணவோடு சேரும்.

துண்டுகளை நெருக்கி அமுக்கிக் கோத்தால் ஒட்டிய பக்கங்கள் வேகாது. ஒன்றையொன்று லேசாகத் தொடும் அளவு போதும்.

தணல் ஆகும் முன்பே ஏற்றுவது

தீ கொழுந்துவிட்டு எரியும்போது கோழியை வைத்தால் கரும்புகை படியும், மேலே மட்டும் கருகும். கரி முழுக்க வெண்சாம்பல் பூத்து, உள்ளே சிவந்து நிற்க 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதுவரை பொறுமை வேண்டும். சிரட்டைக்கரி பற்றத் தாமதமாகும், ஆனால் பற்றிய பிறகு நெடுநேரம் நிற்கும், புகையும் குறைவு. கரியாக்காத வெறும் சிரட்டையைப் போட்டால் எண்ணெய்ப் புகை வரும்; அது எரிந்து தணலாகும் வரை கறியை அருகில் கொண்டுபோகாதீர்கள். பற்றவைக்க மண்ணெண்ணெய் ஊற்றினால் வாடை கறியில் ஏறும், பெட்ரோல் உயிருக்கே ஆபத்து. காய்ந்த தேங்காய் நாரும் காகிதமும் போதும்.

தணலை அடுப்பு முழுக்கப் பரப்புவது இன்னொரு தவறு. மூன்றில் இரண்டு பங்கு இடத்தில் குவித்து, மீதியை வெறுமையாக விடுங்கள். கொழுப்பு சொட்டித் தீ எழும்பும்போது கம்பியை அந்த வெற்றிடத்துக்கு நகர்த்தலாம். தண்ணீர் தெளித்தால் சாம்பல் எழும்பிக் கறியில் ஒட்டும். கோழியை வைத்த பிறகு முறத்தால் விசிறினாலும் அதேதான் நடக்கும், விசிறலை முன்பே முடித்துவிடுங்கள். உள்ளங்கையை அடுப்பின் மேலுள்ள கம்பி வலைக்கு அரை அடி மேலே நீட்டிப் பாருங்கள். 3, 4 விநாடிக்கு மேல் தாங்க முடியவில்லை என்றால் சூடு சரி.

வலையைத் தேய்த்துச் சுத்தம் செய்து, சூடேறிய பிறகு எண்ணெய் நனைத்த துணியை இடுக்கியில் பிடித்துத் தடவ வேண்டும். வைத்த உடனே திருப்பப் பார்த்தால் மசாலா பிய்ந்து வலையோடு போகும். முதல் 2, 3 நிமிடம் தொடவே வேண்டாம், பழுப்பேறியதும் தானாக விடும். பிறகு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பலாம்.

கரியடுப்பை வீட்டுக்குள்ளோ மூடிய பால்கனியிலோ ஒருபோதும் வைக்காதீர்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மழை தூறுகிறது என்று பாதி அணைந்த அடுப்பை உள்ளே தூக்கிவந்தாலும் அது உயிரைப் பறிக்கும்.

வெந்ததா என்று நிறத்தை வைத்து முடிவு செய்வது

மிளகாயும் மஞ்சளும் தடவிய கறியில் வெளி நிறத்தைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருந்தால் பெரிய துண்டின் நடுவில் 74 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். தொடைக்கறி 80 வரை போனாலும் நன்றாகவே இருக்கும், நெஞ்சுக்கறியை 74 வந்ததும் எடுத்துவிட வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் மிகப் பெரிய துண்டை வெட்டிப் பார்க்கலாம். உள்ளே வழுவழுப்பு இருக்கக் கூடாது, சாறு தெளிவாக வர வேண்டும். சந்தேகம் இருந்தால் இன்னும் 2 நிமிடம் விடுங்கள்.

ஊறவைத்த பாத்திரத்தில் மிச்சமிருக்கும் மசாலாவைச் சுட்ட கோழிமேல் தடவுவது ஆபத்தான பழக்கம், அதில் பச்சைக் கோழியின் நீர் கலந்திருக்கிறது. தடவுவதற்கு எண்ணெயையோ உருக்கிய வெண்ணெயையோ தனிக் கிண்ணத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் கறி கொண்டுவந்த தட்டில் சுட்டதை எடுத்து வைப்பதும் இதே தவறுதான். எடுத்தபின் 3, 4 நிமிடம் ஆறவிட்டு உருவினால் சாறு வழியாது.

காய்கறியில்

நாட்டுத் தக்காளி நிற்காது. கெட்டியான பெங்களூர்த் தக்காளியை நான்காக்கி, விதை நீக்கிக் கோக்கலாம். காலிஃபிளவரையும் பேபி கார்னையும் உப்புத் தண்ணீரில் 3 நிமிடம் கொதிக்கவிட்டு, நன்றாக வடித்து உலர்த்திய பிறகு கோக்க வேண்டும், பச்சையாக வைத்தால் நுனி கருகும் வரை நடு வேகாது. காளானைத் தண்ணீரில் ஊறவிடாமல் துடைத்து முழுதாகவே வையுங்கள். காய்களுக்கு எண்ணெய் முன்பே தடவலாம், உப்பை மட்டும் அடுப்பில் ஏற்றும்போது போடுங்கள். முன்பே போட்டால் காய் தண்ணீர் விட்டு, சுடுபடாமல் வதங்கும்.

கரியடுப்பு இல்லாதவர்கள்

ஓ.டி.ஜி. எனும் மின் அடுப்பில் (ஓவன்) 230 டிகிரிக்கு 15 நிமிடம் முன்சூடு ஏற்றி, ஆழமான தட்டின் இரு விளிம்புகளில் கம்பி தாங்கும்படி வைத்து, மேலே சூடேறும் மின் கம்பிக்கு அருகில் 15 முதல் 18 நிமிடம் விடுங்கள், பாதியில் ஒருமுறை திருப்புங்கள். தட்டில் படுக்கவைத்தால் சொட்டும் நீரிலேயே கோழி வெந்துவிடும். தோசைக்கல்லில் செய்வதானால் கோக்காமலே துண்டுகளாகச் சுடுவதுதான் நல்லது; குச்சி கல்லில் தட்டுவதால் கறி கல்லைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். நன்றாகக் காய்ந்த இரும்புக் கல்லில் இடைவெளி விட்டு, 250 கிராமுக்கு மேல் ஒரு ஈடுக்குப் போடாமல் சுடுங்கள். அதிகம் போட்டால் கல் சூடு இறங்கி, நீர் கோத்து, வறுவல் குழம்பாகிவிடும்.