மூன்று சென்சார் சொன்னால் மூன்று சாட்சி ஆகாது

1969 நவம்பர் 14. நிலவுக்குப் போகும் அப்போலோ 12 விண்கலம் கிளம்பி 36 வினாடியில் மின்னல் தாக்கியது. 52-ஆவது வினாடியில் மறுபடியும். எரிபொருள் மின்கலங்கள் துண்டித்துக்கொண்டன. ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத் திரைகளில் டெலிமெட்ரி எண்கள், அதாவது விண்கலம் தன் நிலை பற்றி அனுப்பும் அளவீடுகள், தாறுமாறாக ஓடின. அத்தனை கருவியும் கெட்டுவிட்டதா என்றால் இல்லை. சென்சார் சமிக்ஞைகளைச் சீராக்கித் தரும் ஒரே ஒரு பெட்டிக்கு மின்னழுத்தம் போதவில்லை. ஜான் ஆரன் என்ற பொறியாளர் இதே மாதிரி எண்களை முன்பு ஒரு சோதனையில் பார்த்திருந்தார். அந்தப் பெட்டியை மாற்று மின்வழிக்குத் திருப்பச் சொன்னார். விண்கலத்தில் இருந்த ஆலன் பீன் சுவிட்சைத் தட்டியதும் டெலிமெட்ரி தெளிந்தது.

செயற்கைக்கோள் பழுதறியும் நிபுணர் அமைப்புகளில், அதாவது நிபுணரின் அறிவை ‘இப்படி இருந்தால் இது பழுது’ என்ற விதிகளாக வைத்து முடிவு சொல்லும் கணினி நிரல்களில், பலரும் சறுக்குவது இங்கேதான். 1970களில் ஸ்டான்ஃபோர்டில் மருத்துவத்துக்காக உருவான மைசின் என்ற நிபுணர் அமைப்பின் வழியில் நம்பிக்கை எண்களை (ஒவ்வொரு சான்றும் முடிவை எவ்வளவு ஆதரிக்கிறது என்ற அளவு) சேர்த்தால், 0.6-உம் 0.6-உம் 0.84 ஆகும், மூன்றாவது 0.6 வந்தால் 0.936. கணக்கில் பிழையில்லை. ஆனால் பேட்டரி சூடாகிறது என்று சொல்லும் மூன்று சென்சாரும் சமிக்ஞையை எண்ணாக்கும் ஒரே அனலாக்-டிஜிட்டல் மாற்றி வழியாக வந்தால்? ஒரே ஆள் மூன்று தடவை சொன்ன கதைதான். விதி எழுத உட்காரும் முன் மின்சுற்று வரைபடத்தை விரித்து, எது எதோடு மின்சாரத்தையும் கம்பியையும் பங்கு போடுகிறது என்று பாருங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் குறுக்குவழி கிடையாது.

அடுத்தது, தெரியாததை 50-50 என்று எழுதிவிடுவது. செயற்கைக்கோள் திரும்பும் வேகத்தை அளக்கும் ஜைரோவிலிருந்து தகவலே வராததும், கெட்டிருக்கப் பாதி வாய்ப்பு என்பதும் ஒன்றல்ல. சான்றுகளைச் சேர்க்கும் இன்னொரு கணித வழியான டெம்ப்ஸ்டர்-ஷேஃபர் முறையில் அறியாமைக்குத் தனி இடம் உண்டு. சரி, அதற்கு மாறினால் நிம்மதியா? 1979-இல் லோட்ஃபி ஜாதே என்ற கணினி அறிவியலாளர் ஒரு வில்லங்கத்தைக் காட்டினார். அவர் சொன்னது நோய்களை வைத்து. நம் கதைக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: ஒரு விதி ஜைரோ பழுது 0.99, சுழற்சக்கரம் (செயற்கைக்கோளைத் திருப்பும் சக்கரம்) 0.01 என்கிறது, இன்னொன்று நட்சத்திர சென்சார் (நட்சத்திரங்களைப் பார்த்துத் திசை அறியும் கருவி) 0.99, சுழற்சக்கரம் 0.01 என்கிறது. இரண்டையும் சேர்த்தால் சுழற்சக்கரம்தான் குற்றவாளி, நம்பிக்கை 1! இரண்டு விதிகளும் அநேகமாக ஒதுக்கித் தள்ளிய ஒன்று. முரண்பாட்டின் அளவைத் தனியாகக் காட்டி, அது எல்லை மீறினால் முடிவை மனிதரிடம் விட்டுவிடுவது மேல்.

அப்புறம், கிரகணம். செயற்கைக்கோள் பூமியில் ஒரே இடத்துக்கு மேலே நிற்பதுபோல் தெரியும் புவிநிலைச் சுற்றுப்பாதையில் மார்ச், செப்டம்பரை ஒட்டிய வாரங்களில் செயற்கைக்கோள் ஒரு நாளில் 72 நிமிடம் வரை பூமியின் நிழலில் கிடக்கும். சூரியத் தகட்டு மின்னோட்டம் அப்போது பூஜ்யமாவது இயல்பு. எனவே ‘தகடு பழுது, 0.9’ என்ற விதியின் முதல் நிபந்தனையே செயற்கைக்கோள் வெயிலில் இருக்கிறதா என்பதாக இருக்கட்டும்.