வானில் பார்த்த வெளிச்சத்தைப் பதிவு செய்வதும் விசாரிப்பதும்: பறக்கும் தட்டு மன்றத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கான செய்முறை

பறக்கும் தட்டு ஆர்வலர் மன்றத்தில் சேர வருபவர்கள் முதலில் கேட்பது, "எங்கே போனால் பார்க்கலாம்?" என்றுதான். அதற்கு முன்னால் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. பார்த்ததை எப்படி எழுதி வைத்தால், இன்னொருவர் ஒரு மாதம் கழித்தும் அதைச் சரிபார்க்க முடியும்? வானில் கண்ட மர்மப் பொருள்களை விசாரித்த அமெரிக்க விமானப்படையின் ப்ளூ புக் திட்டம் 1969-இல் மூடப்பட்டபோது, 1947 முதல் சேர்ந்திருந்த 12,618 தகவல்களில் 701 மட்டும் அடையாளம் தெரியாதவையாக மிஞ்சின. நூற்றுக்கு ஆறு கூட இல்லை. மிச்சத்தைக் கழித்துக் காட்டினால்தான் அந்தச் சிறு பங்குக்கு மதிப்பு. கழிப்பதற்கு நேரம், திசை, கோணம் மூன்றும் வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாமே அந்த மூன்றைக் கைப்பற்றுவதற்கானவை.

படி 1: இரண்டு கருவிகளைச் செய்துகொள்ளுங்கள்

வாங்க வேண்டியவை அதிகமில்லை. திசைகாட்டி, சிவப்பு ஒளி டார்ச், கெட்டி அட்டைக் குறிப்பேடு, 7×50 அல்லது 10×50 பைனாகுலர், பென்சில். பேனா வேண்டாம், பனியில் ஈரமான தாளில் பென்சில்தான் எழுதும். மீதி இரண்டையும் கையாலேயே செய்யலாம்.

உயரக்கோணம், அதாவது அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி மேலே என்பதை அளக்க, கோணமானியின் நேர்விளிம்பில் ஒரு ஸ்ட்ராவை ஒட்டுங்கள். மையத் துளையில் 20 செ.மீ. நூல் கட்டி, நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிடுங்கள். ஸ்ட்ரா வழியாக வெளிச்சத்தைப் பார்த்து, நூல் ஆடி நின்றதும் விரலால் கோணமானியோடு அழுத்திப் பிடித்துப் படியுங்கள். 90-க்கும் அந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசமே உயரக்கோணம். பழகிய கைக்கு ஒன்றிரண்டு டிகிரிக்குள் சரியாக வரும்.

இரண்டாவது, அளவு அட்டை. கெட்டி அட்டையில் 2.5, 5, 10 மி.மீ. விட்டத்தில் மூன்று துளைகள் போடுங்கள். 57 செ.மீ. நூல் ஒன்றை அட்டையில் கட்டி, மறுநுனியைக் கண்ணுக்குக் கீழே கன்னத்தில் வைத்து, நூல் விறைப்பாக நிற்கும்படி அட்டையைப் பிடியுங்கள். 57 செ.மீ. தூரத்தில் 1 செ.மீ. என்பது 1 டிகிரி. ஆகவே துளைகள் கால், அரை, ஒரு டிகிரி ஆகின்றன. முழுநிலாவை வைத்துச் சோதித்துப் பாருங்கள்: 5 மி.மீ. துளைக்குள் கிட்டத்தட்ட அளவாகப் பொருந்தும்.

இந்த அட்டைக்கு நிகரான கருவி மன்றத்தில் வேறில்லை. "நிலாவைவிடப் பெரியது" என்று சொன்னவரிடம் அட்டையைக் கொடுத்தால், பல நேரம் மிகச் சிறிய துளையையே காட்டுவார். அவர் பொய் சொல்லவில்லை. பளிச்சென்ற ஒளி மனதில் பெரிதாகப் பதிந்துவிடுகிறது.

கருவி கையில் இல்லாத நேரத்துக்கு: கையை முழுக்க நீட்டினால் சுண்டுவிரல் அகலம் 1 டிகிரி, நடு மூன்று விரல்கள் 5, மடக்கிய கைமுட்டி 10. அடிவானத்திலிருந்து உச்சி வரை ஒன்பது முட்டி வர வேண்டும். எட்டோ பத்தோ வந்தால் உங்கள் முட்டியின் அளவை அதற்கேற்பத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: இடமும் ஆட்களும்

நான்கு முதல் ஆறு பேர் போதும். ஆளுக்கு ஒரு திசை, ஒருவர் எழுத்து வேலைக்கு, ஒருவர் கேமராவுக்கு. எழுதுபவர் வானத்தைப் பார்க்கவே கூடாது. கடிகாரமும் குறிப்பேடும்தான் அவருக்கு. அவரும் அண்ணாந்துவிட்டால், வெளிச்சம் தோன்றிய நொடி பதிவாகாமலேயே போய்விடும். அரை மணிக்கு ஒருமுறை வேலையை மாற்றிக்கொள்ளுங்கள்.

நிலத்துக்குச் சொந்தக்காரரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒரே ஒரு முறை மொபைல் திரையைப் பார்த்தால் அது கெட்டுவிடும். பச்சை லேசரால் வானத்தைச் சுட்டிக்காட்டாதீர்கள். விமானியின் கண்ணைக் கூசவைக்கும். பல நாடுகளில் அது குற்றமும்கூட.

படி 3: கேமராவை நிறுத்துதல்

முக்காலி மேல் வைத்த கேமராவில் 24 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600, 10 நொடி எக்ஸ்போஷர், இடைவெளி 1 நொடி. ரா கோப்பாகவே சேமியுங்கள். மணிக்குச் சுமார் 327 படம் வரும். ஒன்று 25 எம்பி என்றால் மணிக்கு 8 ஜிபி. நான்கு மணி நேரத்துக்கு 64 ஜிபி கார்டு தாராளம்.

ஃபோகஸை ஆட்டோவில் விடாதீர்கள். மேனுவலுக்கு மாற்றி, பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைத் திரையில் பெரிதாக்கி, புள்ளி மிகச் சிறிதாகும் இடத்தில் நிறுத்தி, வளையத்தின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். முக்காலியில் இருக்கும்போது இமேஜ் ஸ்டெபிலைசேஷனை அணையுங்கள். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனையும் அணையுங்கள். அது ஒவ்வொரு படத்துக்கும் பிறகு அதே அளவு நேரம் இன்னொரு இருட்டுப் படம் எடுக்கும்; இரவில் பாதி பதிவே ஆகாமல் கழிந்துவிடும். அரை மணிக்கு ஒருமுறை லென்ஸில் பனி படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பனி படர்ந்த லென்ஸ் எல்லா நட்சத்திரத்தையும் ஒளிவட்டம் சூழ்ந்த மர்மப் பொருளாக்கும்.

பலர் தவறவிடுவது கேமராவின் கடிகாரம். தொடங்கும்போதும் முடிக்கும்போதும், நொடி தெரியும்படி மொபைல் கடிகாரத்தை ஒரு படம் எடுத்து வையுங்கள். கேமரா எத்தனை நொடி முந்துகிறது, பிந்துகிறது என்பது அதில் தெரிந்துவிடும். இது இல்லாவிட்டால் பிறகு விமானப் பாதையோடும் செயற்கைக்கோள் பாதையோடும் ஒப்பிட வழியில்லை.

ஆர்வம் இருந்தால் மில்லிமீட்டருக்கு 300 கோடுகள் கொண்ட ஒளிச்சிதறல் படலத்தை, அதாவது டிஃப்ராக்‌ஷன் கிரேட்டிங்கை, இரண்டாவது கேமராவின் 50 மி.மீ. லென்ஸ் முன்னால் ஒட்டுங்கள். ஒளிப் புள்ளியின் பக்கத்தில் அதன் நிறமாலை விழும். வெள்ளை எல்இடி என்றால் தூக்கலான நீலம், சிறு பள்ளம், பிறகு அகன்ற பச்சை-சிவப்பு. தீச்சுடர் என்றால் நீலம் மங்கி, சிவப்பு நோக்கி ஏறும் தொடர்ச்சியான பட்டை. நார்வேயின் ஹெஸ்டாலன் பள்ளத்தாக்கில் தோன்றும் ஒளிகளை 1980-களிலிருந்தே கருவிகள் வைத்து ஆராய்கிறார்கள். 1998 முதல் அங்கே தானியங்கி நிலையமும் உண்டு. நிறமாலை எடுப்பது அந்த ஆய்வின் முக்கியமான பகுதி.

படி 4: வெளிச்சம் தெரிந்த முதல் இரண்டு நிமிடம்

பார்த்தவர் உரக்கத் திசையை மட்டும் சொல்ல வேண்டும்: "தெற்கு, இரண்டு முட்டி!" என்ன பொருள் என்று யாரும் சொல்லக்கூடாது. "முக்கோணம் மாதிரி" என்று ஒருவர் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு மற்றவர்களும் முக்கோணத்தைத்தான் பார்ப்பார்கள்.

எழுதுபவர் நேரத்தை நொடியோடு குறிக்கிறார். அடுத்து திசைக்கோணம் (வடக்கிலிருந்து கிழக்கு வழியாக எத்தனை டிகிரி), உயரக்கோணம். நிறம், சிமிட்டுகிறதா, சத்தம் உண்டா. திசைகாட்டியை வண்டியிலிருந்தும் இரும்பு வேலியிலிருந்தும் சில மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். திசைகாட்டி முள் காட்டும் காந்த வடக்கா, வரைபடத்தின் உண்மை வடக்கா என்பதையும் எழுதுங்கள். சத்தம் 1 கி.மீ. கடக்க ஏறக்குறைய 3 நொடி ஆகும். ஆகவே ஒளி மறைந்த பிறகும் ஒரு நிமிடம் அமைதியாகக் காது கொடுங்கள்.

அசைகிறதா இல்லையா என்பதில்தான் கண் அதிகம் ஏமாற்றும். இருட்டில் தனியாக நிற்கும் ஒளியை உற்றுப் பார்த்தால், அது தானாக நெளிவது போலத் தோன்றும். ஒரு கம்பத்தின் அல்லது சுவரின் விளிம்பை ஒட்டி வெளிச்சம் தெரியுமாறு உட்கார்ந்து, தலையைச் சாய்த்து அசையாமல் வைத்து, இரண்டு நிமிடம் பாருங்கள். விளிம்பை விட்டு நகராவிட்டால் நெளிவு உங்கள் கண்ணில்தான்.

நகராத ஒளியை 20 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். மாலை 7:42-க்குத் திசைக்கோணம் 248, உயரம் 14 என்று குறித்த ஒளி, 8:02-க்கு 249, 9 என்று வந்தால்? வானம் 4 நிமிடத்துக்கு 1 டிகிரி சுற்றுகிறது. 20 நிமிடத்துக்கு 5. கணக்கு பொருந்துகிறது, ஒளி வானத்தோடு சேர்ந்து இறங்குகிறது. அந்த இடத்தில் அன்று வெள்ளியோ வியாழனோ இருந்ததா என்று பார்த்தால் வேலை முடிந்தது.

படி 5: இரண்டு இடத்திலிருந்து பார்த்தல்

ஓர் இடத்திலிருந்து பார்த்து வேகத்தையோ உயரத்தையோ சொல்ல முடியாது. நொடிக்கு 3 டிகிரி நகரும் ஒளி 500 மீட்டர் தூரத்தில் இருந்தால் அதன் வேகம் மணிக்கு 94 கி.மீ.; 10 கி.மீ. தூரத்தில் இருந்தால் 1,885 கி.மீ. முதலாவது சாதாரண வேகம், இரண்டாவது ஒலியை மிஞ்சியது. பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றேபோல்தான் தெரியும்.

இதற்காகவே குழுவை இரண்டாகப் பிரித்து, 2 கி.மீ. இடைவெளியில் நிறுத்துங்கள். ஒரே நொடியில் இரு கேமராவும் எடுத்த படங்களில், பின்னணி நட்சத்திரங்களை வைத்து ஒளி எத்தனை டிகிரி இடம் மாறியிருக்கிறது என்று அளங்கள். இடைவெளியை 57.3-ஆல் பெருக்கி, அந்த டிகிரியால் வகுத்தால் தூரம். 4 டிகிரி மாறியிருந்தால் 2 × 57.3 ÷ 4, அதாவது சுமார் 29 கி.மீ. ஒளி இருக்கும் திசை, இரு இடங்களை இணைக்கும் கோட்டுக்கு ஏறக்குறையக் குறுக்காக இருக்கும்போதே இந்தச் சுருக்கக் கணக்கு சரி. கோள் என்றால் மாற்றமே தெரியாது. நேர் மேலே 420 கி.மீ. உயரத்தில் செல்லும் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குக் கால் டிகிரி சொச்சம்தான் வரும்.

படி 6: பார்த்தவரிடம் பேசுதல்

மன்றத்துக்கு வெளியிலிருந்து தகவல் வந்தால் ஓரிரு நாளுக்குள் பேசுங்கள். பலர் சேர்ந்து பார்த்திருந்தால் தனித்தனியாக. முதலில் குறுக்கிடாமல் முழுக்கதையையும் சொல்லவிடுங்கள், பிறகு வரையச் சொல்லுங்கள், கேள்வியெல்லாம் அதற்குப் பிறகுதான். "வட்டமாக இருந்ததா?" என்று கேட்காதீர்கள், "எப்படி இருந்தது?" என்று கேளுங்கள்.

அவர் சொன்ன சொல்லை மாற்றாமல் அப்படியே எழுத வேண்டும். 1947 ஜூன் 24 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் ரெய்னியர் மலைப் பக்கம் ஒன்பது பொருள்களைக் கண்ட விமானி கென்னத் ஆர்னால்டு, அவை தண்ணீரில் வீசிய தட்டு போலத் துள்ளிச் சென்றதாகச் சொன்னார். அது நகர்ந்த விதத்துக்கான உவமை. செய்தித்தாள்களில் அது வடிவமாகி, "பறக்கும் தட்டு" என்ற பெயரே உலகமெங்கும் நிலைத்துவிட்டது.

முடிந்தால் அதே இடத்துக்கு, அதே நேரத்தில் அவரை அழைத்துப் போய்க் கையை நீட்டிக் காட்டச் சொல்லுங்கள். அளப்பது உங்கள் வேலை. பகலிலும் ஒருமுறை போய் அதே இடத்திலிருந்து படம் எடுங்கள். 1997 மார்ச் 13 அன்று அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் இரவு 10 மணி வாக்கில் வரிசையாகத் தோன்றிய ஒளிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. வீடியோவின் மேல் பகல் காட்சியைப் பொருத்தியபோது, ஒவ்வொன்றும் மறைந்த இடம் மலைமுகட்டுக் கோடு என்று தெரிந்தது. அவை ராணுவ விமானங்கள் போட்ட வெளிச்சக் குண்டுகள். பகல் படம் இல்லாமல் அது தெரிய வந்திருக்காது.

படி 7: ஒவ்வொன்றாகக் கழித்தல்

முதலில் ஸ்டெல்லேரியம் என்ற வானவரைபட மென்பொருளில் அந்த இடத்தையும் நேரத்தையும் போட்டு, கோள், நட்சத்திரம் பாருங்கள். அடிவானத்தருகே சிரியஸ் சிவப்பும் பச்சையுமாகச் சிமிட்டுவது பலரை ஏமாற்றியிருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் "வெள்ளி" என்று எழுதித் தள்ளுவதும் தவறுதான். வெள்ளி சூரியனிலிருந்து 47 டிகிரிக்கு மேல் விலகாது; நள்ளிரவில் உச்சிவானில் கண்ட ஒளிக்கு அந்த விளக்கம் செல்லாது.

அடுத்து செயற்கைக்கோள், ஹெவன்ஸ்-அபவ் தளத்தில். சீராக நகர்ந்து, சிமிட்டாமல், நடுவானில் மங்கி மறைந்தால் அது பூமியின் நிழலுக்குள் போயிருக்கும். ஏவிய சில நாட்களுக்கு ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களின் வரிசை முத்துமாலை போலத் தெரியும். முதல் 60-ஐ 2019 மே மாதம் ஏவினார்கள்.

பிறகு விமானம். இடது சிறகில் சிவப்பு, வலதில் பச்சை. நேராக நம்மை நோக்கி வரும் விமானத்தின் தரையிறங்கும் விளக்கு, பல நிமிடம் அசையாமல் நின்று திடீரென விலகுவது போலத் தெரியும். விமானப் பாதை காட்டும் தளங்கள் சிலவற்றில் பழைய பாதைகள் இலவசமாகக் கிடைப்பது சில நாட்களுக்கு மட்டுமே, ஆகவே இந்தச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். சில ராணுவ விமானங்கள் அந்தத் தளங்களின் பட்டியலில் வராது. பட்டியலில் இல்லை என்பதால் விமானம் இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

கடைசியாகக் காற்று. வானிலை பலூன்கள் உலகமெங்கும் ஒருங்கிணைந்த உலக நேரம் 0, 12 மணிகளை ஒட்டி ஏவப்படுகின்றன. அவை அளக்கும் மேல்வானக் காற்றின் திசையும் வேகமும் பொதுவில் கிடைக்கும். ஒளி காற்றோடு போனால் பலூனோ காகித விளக்கோ என்று சந்தேகியுங்கள். காற்றுக்கு எதிராகப் போனால் அந்த இரண்டு விளக்கமும் கழிந்துவிட்டன. ட்ரோனும் விமானமும் இன்னும் பாக்கி.

படி 8: வந்து சேரும் புகைப்படங்கள்

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்து வேலை தொடங்காதீர்கள். அதில் எடுத்த நேரமும் கேமரா விவரமும் அழிந்திருக்கும். மூலக் கோப்பைக் கேளுங்கள். இரண்டு எளிய சோதனைகள் போதும். பளிச்சென்ற விளக்கிலிருந்து படத்தின் மையம் வழியாகக் கோடு போடுங்கள். மர்ம ஒளி மறுபுறம் அதே தூரத்தில் இருந்தால் அது லென்ஸின் உட்பிரதிபலிப்பு. இரண்டாவது, அதே மொபைலில் ஒரு நட்சத்திரத்தை வேண்டுமென்றே ஃபோகஸ் கெடுத்து எடுங்கள். அதே தட்டையான வட்டு, அதே ஓர வெட்டுகள் வந்தால் அந்த வடிவம் கேமராவுடையது.

படி 9: கோப்பு

பிரான்ஸின் விண்வெளி நிறுவனத்துக்குள் 1977-இல் தொடங்கி, இன்று கெய்பான் என்ற பெயரில் இயங்கும் பிரிவு, தகவல்களை நான்காக வகுக்கிறது. ஏ: உறுதியாக அடையாளம் கண்டது. பி: அநேகமாக அடையாளம் கண்டது. சி: தகவல் போதாதது. டி: தகவல் நன்றாக இருந்தும், விசாரித்தும் விளக்கம் கிடைக்காதது. இதையே பின்பற்றுங்கள். சி-யில் போட வேண்டியதை டி-யில் போடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. நேரம் தெரியாத, திசை தெரியாத தகவல் எவ்வளவு வியப்பாக இருந்தாலும் சி-தான்.

பார்த்தவரின் பெயர் தனித்தாளில் இருக்கட்டும். கோப்பில் எண் மட்டும். சோதித்துப் பார்த்துப் பொருந்தாமல் போன விளக்கங்களையும் எழுதுங்கள், இல்லையென்றால் அடுத்தவர் அதே வேலையைத் திரும்பச் செய்வார். விசாரித்தவர் தன் முடிவை மூடி வைத்துவிட்டு, கோப்பை வேறொரு உறுப்பினரிடம் கொடுக்க வேண்டும். அவரும் அதே எழுத்துக்கு வந்தால் மேலட்டையில் எழுதலாம். வராவிட்டால் இருவரின் கணக்கையும் உள்ளே வைத்து, மேலட்டையை வெறுமையாக விட்டு, அடுத்த கூட்டத்தின் மேசைக்கு அனுப்புங்கள்.