ஐடிலில் ஓடும் ஸ்கிரிப்ட் விஎஸ் கோடில் ஏன் அடம்பிடிக்கிறது?

கும்பகோணம் பக்கம் பைத்தான் என்ற நிரல்மொழி பழகும் தம்பி ஒருவர், குறுவை நெல் மூட்டைகளைக் கூட்டிச் சொல்லும் ஸ்கிரிப்ட் (சின்ன நிரல்) எழுதியிருந்தார். பைத்தானோடு வரும் எடிட்டரான ஐடிலில் (IDLE) சரியாக ஓடியது. இன்னொரு எடிட்டரான விஎஸ் கோடிலோ (VS Code), கணக்குக் கோப்பே இல்லை என்றது. கோப்பு கண்ணெதிரேதான் இருக்கிறது!

ஐடில், ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரிலேயே தேடும். விஎஸ் கோட் வழக்கமாக நாம் திறந்துவைத்த ஃபோல்டரில் தேடும். ‘வயல்’ ஃபோல்டரைத் திறந்துவிட்டு, உள்ளே ‘குறுவை’யில் ஸ்கிரிப்டையும் கோப்பையும் வைத்தால் இப்படித்தான். பைத்தானோடு வரும் ஓஎஸ் மாட்யூலின் (தயார் நிரல் தொகுப்பு) கெட்சிடபிள்யூடியை, அதாவது os.getcwd()-ஐ, பிரிண்ட் செய்யுங்கள், எங்கே தேடுகிறது என்று தெரிந்துவிடும்.

அப்புறம், விண்டோஸில் தமிழ் எழுத்து கோழி கிளறியது போல வந்தால், கோப்பை ஓப்பன் செய்யும்போதே என்கோடிங் (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) யூடிஎஃப்-8 என்று, அதாவது encoding="utf-8" என்று கொடுங்கள். இன்ஸ்டால் செய்த மாட்யூலையே இல்லை என்று சொன்னால், கணினியில் இரண்டு பைத்தான் இருக்கலாம். எந்தப் பைத்தானில் ஓட வேண்டும் என்பதை விஎஸ் கோடின் கீழ் வலது மூலையில் மாற்றிக்கொள்ளலாம்.