பின் சக்கரம் ஆடுகிறதா? செட் ஸ்க்ரூவிலிருந்து கையை எடுங்கள்

அக்டோபர் பிறந்துவிட்டால் என் கராஜ் வாசலுக்கு வீல் ஹார்ஸ் என்ற ஒரு பழைய தோட்ட டிராக்டர் வந்து சேரும். டிரெய்லரிலிருந்து அதை இறக்கும் இளைஞர் பெரும்பாலும் நம் ஊர்க்காரராக இருப்பார். வீடு வாங்கி ஓராண்டு ஆகியிருக்கும், முதல் பனிக்காலத்தில் மண்வாரியோடு மல்லுக்கட்டி இடுப்பு பிடித்திருக்கும். "எஞ்சின் அருமையாக ஓடுகிறது அண்ணா. பின் சக்கரம் மட்டும் கொஞ்சம் ஆடுகிறது. ஒரு திருகு திருகினால் சரியாகிவிடும், இல்லையா?" என்பார். அதைக் கேட்டதும் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு திருகுதான் திருகினேன்.

நான் இருப்பது இந்தியானா மாநிலத்தின் வடக்கு ஓரம், சவுத் பெண்ட் பக்கம். மிச்சிகன் ஏரியிலிருந்து எழும் ஈரமெல்லாம் பனியாகக் கொட்டும் ஊர். வீல் ஹார்ஸ் பிறந்ததும் இங்கேதான். 1946-இல் எல்மர் பாண்டும் மகன் செசிலும் தொடங்கிய தொழில் அது. 1974-இல் அமெரிக்கன் மோட்டார்ஸ் கைக்கும், 1986-இல் டோரோ கைக்கும் மாறியது. இந்தச் சிவப்புக் குட்டி டிராக்டர்கள் இன்றும் இந்தப் பக்கத்துக் கொட்டகைகளில் தூசி மூடிக் கிடக்கின்றன. வார்ப்பிரும்பில் செய்த கோலர் எஞ்சின், கியரும், சுழற்சியை இரு பின் சக்கரங்களுக்கும் பகிர்ந்து தரும் டிஃபரன்ஷியலும், பின் ஆக்சிலும் ஒரே பெட்டிக்குள் அடங்கிய டிரான்ஸாக்சில். இன்றைய புல்வெட்டி வண்டியை இதன் பக்கத்தில் நிறுத்தினால் புல்லட்டுக்குப் பக்கத்தில் மொபெட்டை நிறுத்தியது போல இருக்கும்.

பிரிக்கும் முன் படம் எடுங்கள், போல்ட்டுகளைத் தனித்தனிப் பையில் போட்டு வையுங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதுகூடத் தோன்றாதவர் ஸ்பானரைத் தொடாமலிருப்பதே வண்டிக்கு நல்லது. கீழே இருப்பவை இந்த வண்டியில் கை வைப்பவர்கள் செய்யும் தவறுகள்.

செட் ஸ்க்ரூவை இறுக்கி ஆட்டத்தை அடக்குவது

பின் சக்கரம் நேராக ஆக்சிலில் மாட்டப்படுவதில்லை. ஆக்சில் நுனியில் வார்ப்பிரும்பு ஹப் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும். மாட்டுவண்டிச் சக்கரத்தில் குடம் என்கிறோமே, அதன் இடத்தில் இருப்பது இது. ஹப்பின் தட்டில் ஐந்து போல்ட்டுகளால் சக்கரம் முடுக்கப்படுகிறது. ஹப்புக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் அரைநிலா வடிவில் ஒரு சிறிய எஃகுத் துண்டு இருக்கும். அதுதான் உட்ரஃப் கீ. ஹப்பின் பக்கவாட்டிலிருந்து உள்ளே இறங்கி ஆக்சிலை அழுத்துவது சதுரத் தலை செட் ஸ்க்ரூ.

ஆக்சிலின் சுழற்சியை ஹப்புக்குக் கடத்துவது கீயின் வேலை. ஹப் வெளியே நழுவாமல் பார்த்துக்கொள்வது செட் ஸ்க்ரூவின் வேலை. கடையாணி சக்கரம் கழன்று போகாமல் காக்கும், வண்டியை இழுக்காது. செட் ஸ்க்ரூவும் அப்படித்தான். அதன் தலையில் நாம் கீயின் வேலையையும் சேர்த்துச் சுமத்துகிறோம்.

என்னுடையது சி-120 மாடல். நான் திருகிய அந்த ஆண்டு டிசம்பரில், பின்னால் எடுக்கும்போதெல்லாம் இடப்பக்கச் சக்கரத்திலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. ஸ்பானரில் ஒரு குழாயைச் செருகி, செட் ஸ்க்ரூவை முழுப் பலத்தோடு இறுக்கினேன். சத்தம் நின்றது. எனக்கு ஏகப்பட்ட பெருமை. மூன்று வாரத்தில் மறுபடி 'டக்'. மறுபடி இறுக்கினேன்.

பனி தள்ளும் வேலை எப்படிப்பட்டது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. உழவில் வண்டி ஒரே திசையில் போகும். பனியை முன்னால் தள்ளி, பின்னால் வந்து, மறுபடி தள்ளவேண்டும். ஒரு காலை வேலைக்குள் நூறு முறையாவது திசை மாறும். ஹப்பில் மயிரிழை இடைவெளி இருந்தாலும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் கீயின் மேல் ஒரு தட்டு விழுகிறது. எடை கூடுதலாக வேண்டுமென்று சக்கரத்தில் இரும்பு வில்லைகளையும் மாட்டியிருந்தேன், கேட்கவே வேண்டாம்.

பிப்ரவரியில் ஒரு நாள், பக்கத்து வீட்டுப் பாதையின் நடுவில், எஞ்சின் ஓடுகிறது, கியர் விழுந்திருக்கிறது, வண்டி நகரவில்லை. இடப்பக்க ஆக்சில் ஹப்புக்குள் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில் எதிர்ப்பில்லாத பக்கம்தான் சுழற்சி முழுவதையும் எடுத்துக்கொள்ளும், அதனால் நல்ல சக்கரமும் சும்மா நின்றது. ஹப்பைக் கழற்ற நான்கு நாள் ஆனது. நான் குழாய் போட்டு இறுக்கிய ஸ்க்ரூவின் முனை ஆக்சிலைக் குத்திப் பிசிறு கிளப்பியிருந்தது. அந்தப் பிசிறே ஹப்பை வரவிடாமல் பிடித்துக்கொண்டது. உள்ளே கீ இரண்டாக வெட்டுப்பட்டிருந்தது. கீ உட்காரும் பள்ளம் கரண்டியால் தோண்டியது போல அகன்றிருந்தது. 1⅛ அங்குல ஆக்சில் 28.58 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். என் அளவியில் ஓரிடத்தில் 28.1 காட்டியது.

ஆக்சிலை மாற்ற டிரான்ஸாக்சிலையே கீழே இறக்கி, இரண்டாகப் பிளந்து, உள்ளே உள்ள அனைத்தையும் வெளியே எடுக்கவேண்டும். திறந்த பிறகு கேஸ்கட், ஆயில் கசியாமல் தடுக்கும் சீல், பேரிங் எதையும் பழையதாக விட மனம் வராது. வண்டியை 350 டாலருக்கு வாங்கியிருந்தேன்; அதைவிட அதிகம் இதற்கே போனது, மார்ச் மாதத்தின் எல்லா ஞாயிற்றுக்கிழமைகளும் போயின. டிசம்பரிலேயே மாற்றியிருக்க வேண்டிய கீயின் விலை ஒரு காப்பி விலைகூட இல்லை. அதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

அதைவிட எரிச்சல், இந்த இளைஞர்களுக்கு யாரோ சொல்லிக்கொடுக்கும் குறுக்குவழிகள். குளிர்பானத் தகரத்தை வெட்டி ஹப்புக்குள் சுற்றி வைத்துக்கொண்டு வருகிறார்கள். அந்த அலுமினியத் தாள் ஒரு நாள் வேலையில் பொடியாகிவிடும், ஆட்டம் முன்பைவிடக் கூடும். கீயை ஹப்போடு வெல்டிங் வைத்தவரையும் பார்த்திருக்கிறேன். அவரோடு நான் அதிகம் பேசவில்லை.

ஹப் ஆடுகிறதா என்பதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. ஆக்சில் முனையையும் ஹப்பையும் சேர்த்து ஒரே நேர்கோடாகச் சாக்பீஸால் கிழியுங்கள். வண்டியை நகர்த்தி, நிறுத்தி, பின்னால் எடுத்துப் பாருங்கள். கோடு உடைந்திருந்தால் ஹப் நகர்கிறது. ஹப்பைச் சுற்றிச் செங்கல் பொடி நிறத்தில் தூசு படிந்திருந்தால் கோடுகூட வேண்டாம். இரும்பும் இரும்பும் உரசித் துருவாக உதிர்ந்தது அது.

பிறகு ஓட்டாதீர்கள், இறுக்காதீர்கள். ஹப்பைக் கழற்றி ஆக்சிலில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். படி தட்டவில்லை, பள்ளத்தின் ஓரங்கள் கூர்மையாக இருக்கின்றன என்றால் பிழைத்தீர்கள். புதுக் கீ போதும். ஹப்பின் துளை மட்டும் அகன்றிருந்தால் லேத் பட்டறையில் கடைந்து, புஷ் என்ற உலோக வளையம் ஏற்றி, பள்ளம் வெட்டித் தருவார்கள். ஆக்சில் லேசாகத் தேய்ந்திருந்தால் லாக்டைட் 660 போன்ற இடைவெளி நிரப்பும் பசை உதவும். அது அரை மில்லிமீட்டர் வரை நிரப்பும். போல்ட் மரையில் தடவும் பசை வேறு, இது வேறு, மாற்றி வாங்கிவிடாதீர்கள். அடுத்த முறை கழற்றும்போது ஹப்பை நன்றாகச் சூடாக்கவேண்டும், அந்தச் சூட்டில் பக்கத்து ஆயில் சீல் போய்விடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது பிசிறை அரத்தால் தேய்த்து எடுங்கள். கீ பள்ளத்தில் தட்டி இறக்கும் அளவுக்கு இறுக்கமாக இருக்கவேண்டும். செட் ஸ்க்ரூவின் முனை ஆக்சிலில் உள்ள குழியில் போய் உட்காரவேண்டும். குழி இல்லையென்றால் ஸ்க்ரூவின் துளை வழியாகவே டிரில்லை விட்டு ஒரு சிறு குழி போடுங்கள். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி ஒருமுறை இறுக்குவது சரிதான். புதிதாக மாட்டியது இடம்பிடித்த பிறகு இறுக்குவதும், தேய்ந்ததை இறுக்கி மறைப்பதும் ஒன்றல்ல.

சுத்தியல்

துருவேறிய ஹப் வராவிட்டால் ஆக்சில் முனையில் சுத்தியலால் போடுகிறார்கள். முனை காளான் போல விரிந்துவிடும், பிறகு ஹப் அந்தத் தலையைத் தாண்டி வராது. அடியின் அதிர்ச்சி நேராக டிஃபரன்ஷியலுக்குள் போகிறது என்பது அதைவிடப் பெரிய கேடு. கொக்கி மாட்டி இழுக்கும் இரண்டு கால் புல்லரும் ஆபத்து. தட்டின் ஓரத்தில் விசை விழுந்தால் வார்ப்பிரும்பு வளையாது, உடைந்து கையில் வரும்.

அரை அங்குலத்துக்குக் குறையாத எஃகுத் தகட்டில் சக்கரப் போல்ட்டுகளின் இடத்தில் துளை போட்டு ஹப்போடு முடுக்குங்கள். நடுவில் ஒரு பெரிய போல்ட், அது ஆக்சில் முனையைத் தள்ளட்டும். இழுப்பும் தள்ளலும் ஹப்புக்கும் ஆக்சிலுக்கும் இடையிலேயே முடிந்துவிடும், கியர் பெட்டிக்குப் போகாது. துரு இளக்கும் எண்ணெயை நாலு நாள் முன்பே விட ஆரம்பியுங்கள். போல்ட்டை இறுக்கி, தூங்கப் போய்விட்டு, காலையில் வந்து இன்னும் கால் சுற்று. பதறாத காரியம் சிதறாது.

இழுக்கத் தொடங்கும் முன், செட் ஸ்க்ரூவை எடுத்த துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சில ஹப்புகளில் ஒரு ஸ்க்ரூவின் கீழ் இன்னொரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும்.

மில்லிமீட்டர் ஸ்பானர்

ஊரில் பழகிய கை பத்தாம் நம்பரைத்தான் தேடும். இந்த வண்டி அங்குல வண்டி. ⅜ அங்குலம் 9.5 மில்லிமீட்டர், பத்தாம் நம்பர் நுழையும், பிடிக்காது, தலையை உருட்டிவிடும். சதுரத் தலைக்கு அறுமுனை சாக்கெட் உட்காராது, எட்டு முனை வாங்குங்கள்.

கீ பள்ளத்தின் மேல் ஆயில் சீலை ஏற்றுவது

அந்தப் பள்ளத்தின் ஓரம் சவரக் கத்தி. புது சீலின் உதட்டை முதல் தள்ளலிலேயே கீறிவிடும். பள்ளத்தின் மேல் டேப் சுற்றி, எண்ணெய் தடவி ஏற்றுங்கள். கியர் பெட்டியிலிருந்து வடித்த ஆயில் பால் காப்பி நிறத்தில் வந்தால் சீலைக் குறை சொல்லாதீர்கள். கியர் லீவரின் ரப்பர் உறை கிழிந்து மழைநீர் இறங்கியிருக்கும். அந்தத் தண்ணீர் குளிரில் உறைந்தால் பெட்டி விரிசல் விடும்.

முதலில் பெயின்ட் அடிப்பது

புல்லர் மாட்டும் நாளில் உங்களுக்கே தெரியும்.

ஜாக்கியை நம்பிக் கீழே படுப்பது

வேண்டாம்.

தேய்ந்த ஹப்பைக் குப்பையில் போடுவது

போடாதீர்கள். என் பெஞ்சுக்குக் கீழே ஒரு வாளி இருக்கிறது, அதில் போட்டுவிட்டுப் போங்கள்.